கல் வைக்கிற வளைவு

நான் கோயில் கல்லைத் திருடினவன். வெள்ளவத்தையில் இருந்துகொண்டு இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இங்கே கோயிலுக்குக் கொடுத்ததைப் பளிங்கில் வெட்டி வைப்பார்கள். எடுத்ததை யாரும் வெட்டி வைப்பதில்லை.

எங்கள் ஒழுங்கை முகப்பில் ஆட்டோ ஓட்டுகிறவர் மலையகத்துக்காரர். தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் அவருடைய ஊர். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு வரிசை லயம், மிச்சமெல்லாம் பனிமூட்டம். மனைவி அங்கே கொழுந்து பறிக்கிறார். ஒரே மகள் குவைத்தில் வீட்டு வேலை. மலையூர் மரபுகள் பற்றி ஞாயிறு பத்திரிகைக்குக் கட்டுரை தருவதாக நான் வாய்விட்டிருந்தேன். படித்த புத்தகங்கள் போதாதென்று, அவர் ஊருக்குப் போனபோது நானும் பஸ் ஏறினேன்.

ஊருக்கு முந்திய கடைசி வளைவில், ஒரு பெரிய மரத்தடியில், சாமி விளக்குக்குப் பக்கத்தில், கற்குவியல்.

"மலையை விட்டு தூரம் போறவங்க ஒரு கல்லு வச்சிட்டுப் போவாங்க சார். திரும்பி வந்தா அவங்க கையாலயே எடுத்துப் பள்ளத்துல வீசணும். வேற ஆள் தொடக்கூடாது."

"தொட்டால்?"

"தொட மாட்டாங்க."

அடியில் கிடந்தவை பாசி மூடியவை. அந்தக் காலத்தில் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் வைத்த கற்களாம். எடுக்க ஒருவரும் வரவில்லை. மேலே ஓர் உருண்டைக் கல்லில் இளஞ்சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு. "நம்ம புள்ளையோடது," என்றார்.

திரும்பும்போது கொழுந்து லொறிக்காக அதே வளைவில் நின்றோம். அவர் ஓடையில் கால் கழுவ இறங்கினார். பனி இறங்கி மரத்தை மறைத்தது, பள்ளத்தையும் மறைத்தது. ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. அப்போதுதான் எனக்குள் இருந்த ஆராய்ச்சியாளன் விழித்தான். குவியலின் ஓரத்தில் கேக் துண்டு மாதிரி ஒரு பக்கம் சரிந்த கல் கிடந்தது. பாசி பிடித்ததை எடுத்தால் பை ஊத்தையாகும் என்று அதைத் தெரிந்தெடுத்தேன். அடியில் கறுப்பாய் எண்ணெய்ப் பிசுக்கு. தலைமுறை தலைமுறையாய் விளக்குக்கு ஊற்றிய எண்ணெய்! எனக்கு உடம்பு சிலிர்த்தது. கட்டுரையில் அந்த எண்ணெய்க்கு மட்டும் ஒரு முழுப் பந்தி கொடுத்தேன்.

"மலையில இருந்து லீக்ஸ், கரட் கொண்டு வருவியள் எண்டு பாத்தா, கல்லோ?" என்றார் என் மனைவி.

கல் என் மேசையில் குடியேறியது. கடலோரம் ரயில் போகிற நேரமெல்லாம் எங்கள் மாடி அதிரும். ஒவ்வொரு அதிர்வுக்கும் அது கொஞ்சம் நகரும். சரிந்த முனை எப்போது பார்த்தாலும் என் பக்கம் திரும்பியிருந்தது. மேசை சமமில்லை என்று எனக்கு நானே விளக்கம் சொன்னேன்.

பிறகு ஆட்டோக்காரர் கதைப்பதை நிறுத்தினார். கொட்டாஞ்சேனை போய்ச் சேரும்வரை அரசாங்கத்தைத் திட்டுகிற மனிதர், சிவப்பு விளக்கில் வாய் மூடி நின்றார். நான்தான் கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை தவறாம கோல் எடுப்பா சார். இப்ப சத்தமே இல்ல. ஏஜென்சிக்காரன் பாக்குறேன், பாக்குறேன்னு சொல்லிக்கிட்டே இருக்கான்." பச்சை விழுந்ததும், "அவ கல்லையும் காணோமாம்."

"ஆரும் எடுத்திருப்பினம்."

"யாரு எடுப்பா? அந்த மலையில பொறந்தவன் எடுக்கமாட்டான்." கண்ணாடியில் அவருடைய கண்கள் என்மேல் இருந்தன. "ஆள் வராம கல்லு போச்சுன்னா... லயத்துப் பொம்பளைங்க வீட்டுக்கு வந்து ஒண்ணும் பேசாம குந்தியிருக்காங்களாம் சார். சாவு வீட்டுல குந்துற மாதிரி."

நான் எடுத்தது அந்தக் கல் அல்ல. பொட்டு வைத்த கல்லை நான் தொடவேயில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் ஒன்றை நான் எடுக்க, மலை தன் பங்குக்கு இன்னொன்றை எடுத்துக்கொண்டதோ என்று ஒரு நினைப்பு வந்தது. பகுத்தறிவு பற்றி மூன்று மேடைகளில் பேசியவனுக்கு வந்த நினைப்பு.

மனைவியிடம் சொன்னேன். "உங்களுக்கு என்ன விசரோ? முதல்ல கொண்டுபோய் வைச்சிட்டு வாங்கோ. மூடநம்பிக்கையோ இல்லையோ எண்டு பிறகு ஆறுதலா யோசியுங்கோ."

தனியாகப் போனேன். மழை. வளைவில் மரத்தடியில் கொழுந்து பறிக்கிறவர்கள் இடுப்பில் கட்டும் படங்கைத் தலையில் போட்டபடி ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். ஆட்டோக்காரரின் மனைவி. வேலை முடிந்ததும் அங்கேயே வந்து உட்காருகிறாராம். பையிலிருந்து நான் கல்லை எடுத்ததும் அவர் முகம் வெளிறிவிட்டது.

"இது யாருதுங்க?"

பாசி பிடிக்காத கல். உயிரோடு இருக்கிற யாரோ ஒருவருடையது என்று மட்டும் பட்டது. அது இன்னும் மோசம்.

அந்த நேரம் கொழுந்து லொறி வந்து ஏற்றத்தில் நின்றது. குதித்து இறங்கிய சாரதி என் கையைப் பார்த்துக் கத்தினான். "அட, நம்ம கட்டைக் கல்லு! எங்கய்யா போயிருந்துச்சு? பின்னுக்கு உருளாம முட்டுக் குடுக்கக் கல்லில்லாம எவ்வளவு கஷ்டம்!" லொறியின் பின்பலகைக்குள்ளிருந்து இன்னொரு கல்லை எடுத்து வீசினான். "இந்தா, அவசரத்துக்கு இங்க கிடந்ததைத் தூக்கினேன். உருண்டைக் கல்லு, நிக்கவே மாட்டேங்குது." அவன் லொறிக்குப் புதியவன், ஊர் கீழ்நாட்டில், மலை வழக்கம் தெரியாதவன்.

அந்தப் பெண் சேற்றிலிருந்து அதை எடுத்து முந்தானையால் துடைத்தார். பொட்டு பாதி தேய்ந்திருந்தது. குவியலின் உச்சியில் வைத்துவிட்டுக் கையை எடுக்காமலே நெடுநேரம் நின்றார். எனக்கு அவர் பக்கம் பார்க்கத் துணிவில்லை.

அடுத்த கிழமை மகள் கோல் எடுத்தாள். வீட்டுக்காரி போனைப் பறித்து வைத்திருந்தாளாம். இப்போது வேறு வீடாம். குரல் மட்டும் மாறியிருக்கிறது என்றார் ஆட்டோக்காரர். என்ன நடந்தது என்று கேட்டால், வந்து சொல்கிறேன் என்கிறாளாம்.

நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் காலி வீதி நெரிசலைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப பேப்பர்ல சாமி எண்ணெய்னு எழுதினீங்களே, அது லொறி கிரீஸா சார்?"