எடை சரியாக இருந்தது

இது கட்டுக்கதை இல்லை. கட்டுவதாக இருந்தால் இருட்டு, மழை, நாய் ஊளை எல்லாம் சேர்த்து இதைவிட நன்றாகவே கட்டியிருப்பேன். இது நடந்தது பட்டப்பகலில், தார் உருகும் வெயிலில், அத்தனை பேர் பார்க்க. நம்பாதவர்கள் அன்று எடைமேடையில் நின்ற அதிகாரியைக் கேட்டுக்கொள்ளட்டும்.

அவனை எல்லோரும் ஒல்லி என்றுதான் கூப்பிடுவோம். கோ-கார்ட் பந்தயக்காரன். அந்தச் சின்ன வண்டியைப் பொம்மை என்று நினைப்பவர்கள் ஒரு ரேஸ் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் கிடையாது, பாதையின் ஒவ்வொரு மேடும் முதுகெலும்பில்தான் இடிக்கும். வளைவுக்கு வளைவு சீட்டின் விளிம்பு விலாவைப் பதம் பார்க்கும். இறங்கிய பிறகு தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகக்கூட விரலில் தெம்பு இருக்காது. ஆனாலும் மறுவாரம் முதல் ஆளாக வந்து நிற்பார்கள். பித்து என்றால் அதுதான் பித்து.

அந்தப் பித்து முதலில் அவன் அக்காவுக்குத்தான் பிடித்தது. எல்லோரும் பிரேக் போடும் இடத்தைத் தாண்டித்தான் அவள் போடுவாள். வண்டியும் அவளுடையதுதான். அவள் ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தபோது, அப்பா இவனை அதில் உட்கார வைத்துவிட்டார். ஒருநாள் அவள் போனில் கேட்டாள்.

"என் சீட்ட யாரும் தொடலயேடா?"

"இல்லக்கா."

அந்த சீட்டில் உட்கார்ந்துகொண்டேதான் சொன்னான், பாவி.

அவள் போய்ச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கடைசி ரேஸ் வந்தது. ஜெயித்தால் பெரிய டீமில் இடம். தோற்றால் அப்பாவின் ஒர்க் ஷாப்பில் ஸ்பானர் பிடிக்க வேண்டியதுதான்.

ஒரு விதியைச் சொல்லிவிடுகிறேன். ரேஸ் முடிந்ததும் வண்டியோடு ஆளையும் சேர்த்து எடை போடுவார்கள். குறித்த எடைக்குக் கீழே இருந்தால் வெற்றி செல்லாது. ஒல்லியின் உடம்புக்கு அந்த எடை எங்கே வரும்? அதனால் சீட்டில் ஈயத்தகடுகளை வைத்து முடுக்குவார் அப்பா. மொத்தம் முப்பது கிலோ.

கொடி அசைந்தது. வண்டிகள் பாய்ந்தன.

மூன்றாவது சுற்றில் விலா இறுகியது. சீட்டு இடித்தால் ஒரு பக்கம்தான் வலிக்கும். இது இரண்டு பக்கமும்... நெஞ்சிலும். யாரோ பின்னாலிருந்து கட்டிப்பிடித்த மாதிரி.

எஞ்சின் கொதித்தது. முதுகு மட்டும் சில்லென்றிருந்தது.

வளைவு வந்தது. கால் பிரேக்குக்குப் போனது.

"இன்னும் இல்ல..."

ஹெல்மெட்டுக்குள்... காதோரம்.

"இன்னும் இல்ல... இப்போ."

அழுத்தினான். முன்னால் போனவனைத் தாண்டிவிட்டான்.

ஜெயித்தும்விட்டான். எடை போட்டார்கள். சரியாக இருந்தது.

அப்பா மட்டும் ஓடி வரவில்லை. டென்ட்டுக்குப் பின்னால் வெளிறிப்போய் நின்றார். அவர் காலடியில் ஈயத்தகடுகள்.

"காலைல சீட்டு போல்ட்ட மாத்துறப்போ கழட்டினேன்... திருப்பி மாட்டவே இல்லடா."

கூட்டம் கலைந்ததும் வண்டியை மட்டும் மேடையில் ஏற்றினார்கள். ஈயம் இல்லாத வெறும் வண்டியின் எடைதான்.

"நீ ஏறு," என்றார் அப்பா.

ஏறினான்.

அவன் எடைக்கு மேல் முப்பது கிலோ கூடுதல்.

அதிகாரி மேடையைத் தட்டிப் பார்த்தார். மறுபடி ஏறச் சொன்னார். அதே எண்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னார்கள். அம்மா அழவில்லை.

"கடைசியா அவள எடை போட்டப்போ நான்தான் தாங்கிப் பிடிச்சேன்," என்றாள். "முப்பதுதான் இருந்தா. நான் சொல்லல. நீங்க ரெண்டு பேரும் கேக்கவும் இல்ல."

ஒல்லி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். விலா இன்னும் இறுக்கமாகவே இருந்தது.

"அக்கா... சீட்டு உன்னோடதுதான். நான் இனிமே தொட மாட்டேன். இறங்கிடுக்கா."

காதோரம் சில்லென்றது.

"இன்னும் இல்ல..."