இடது பக்கத் தையல்

குத்தாலத்தில் இருக்கும் என் சித்தி ரவிக்கையை நீட்டி, "இறுக்குது, கொஞ்சம் பிரிச்சுத் தாம்மா" என்றார்.

நான் கொழுப்புத் திசுவின் ஹார்மோன்களைப் பற்றி ஆய்வு செய்பவள். வாய் சும்மா இருக்குமா? தையலைப் பிரித்துக்கொண்டே வரிசையாகச் சொன்னேன். மாதவிலக்கு நின்ற பிறகும் கொழுப்பு ஈஸ்ட்ரோஜனை உண்டாக்கும். எடை ஏறினால், செல்களை வளரத் தூண்டும் லெப்டின் கூடும், அடக்கிவைக்கும் அடிப்போநெக்டின் குறையும். மார்பகப் புற்றுநோய் அபாயம் அதிகமாகும்.

"நெல் அறுப்பு முடியட்டும், தினமும் நடக்கறேன்டி. திட்டாத" என்று சிரித்தார். நான் வலப்பக்கத் தையலைத் தொட்டதும் தடுத்தார். "அது சரியாத்தான் இருக்கு. இடது பக்கம் மட்டும் போதும்."

என் கை நின்றுவிட்டது. எடை ஒரு பக்கம் மட்டும் ஏறாதே!

"சித்தி, கட்டி ஏதாவது இருக்கா?"

"இருக்கு. சொன்னா, குண்டானதாலதான்னு மறுபடி ஆரம்பிப்பியேன்னு சொல்லல."

மறுநாளே தஞ்சாவூர் மருத்துவமனைக்குப் போனோம். பேருந்தில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பரிசோதனையில் புற்றுநோய்தான் என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து, சித்தி இப்போது வயலுக்குப் போகிறார். எனக்குத்தான் இன்னும் மனம் அடங்கவில்லை.

நான் சொன்னது எதுவும் பொய்யில்லை. இன்றும் அதையேதான் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன், எங்கே இறுக்குகிறது என்று கேட்டுவிடுகிறேன்.