பங்களாவில் பூக்காத பங்குனி

சன்னாசி கார்த்திகையில் இறந்துபோனார். தெமோதரைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் முப்பது வருடம் பூஞ்செடிகளைப் பராமரித்தவர். மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி பேச்சியம்மாவுக்கு அந்த வேலையைக் கொடுத்தார்கள். பங்களாவில் இப்போது யாரும் குடியில்லை. வாச்சர் பிச்சமுத்து மட்டும் வாசலில் காவலுக்கு இருப்பார்.

படிக்கட்டின் ஓரத்தில் சன்னாசி ஆசையாக வளர்த்த சீமைச் செடி ஒன்று நின்றது. மார்கழியில் இலையெல்லாம் கொட்டிவிட்டு, பங்குனியில் கொத்துக் கொத்தாக இளஞ்சிவப்பில் பூக்கும். தை மாதம் அது வெறும் குச்சியாக நிற்பதைப் பார்க்கப் பேச்சியம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. தேயிலையைக் கவ்வாத்து வெட்டுவதுபோல ஒட்ட வெட்டிவிட்டாள்.

பங்குனியில் இலை தழைத்தது. ஒரு பூகூட இல்லை.

"ஏண்ணே, என் கை பட்டதாலயா பூக்கல?" என்று பிச்சமுத்துவிடம் கேட்டாள்.

"பூத்து முடிஞ்ச பெறகுதான் அவரு வெட்டுவாரு. போன வருசத்துக் கெளையிலதான் மொட்டு இருக்குமாம். ஒனக்குச் சொல்லலையா தங்கச்சி?"

"நானும் கேட்டதில்லண்ணே."

பொழுது சாய்ந்து அவளும் சன்னாசியும் களைத்து வீடு திரும்புவார்கள். சோறு, தூக்கம், மறுபடி வேலை. அப்படியே முப்பது வருடம் போயிருந்தது.

அடுத்த வருடம் அவள் செடியைத் தொடவில்லை. பங்குனியில் அது கிளை தெரியாமல் பூத்தது. பிச்சமுத்து அதற்குள் லுணுகலைக்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மூன்று வாரம் அவள் மட்டுமே பார்த்தாள். பூவெல்லாம் உதிர்ந்த பிறகு கத்தியை எடுத்தாள்.

"இப்ப வெட்டலாமாங்க?" என்று, சன்னாசி பக்கத்தில் நிற்பதுபோல, சத்தமாகவே கேட்டாள். பிறகு முதல் கிளையை வெட்டினாள்.