கையெழுத்துப் போடாத தலைவர்

எங்கள் சங்கத்தில் பத்துப் பேரைப் பிடித்தால் ஒன்பது பேருக்குப் பதவி இருக்கும். பத்தாவது ஆள் போன தேர்தலில் தோற்றவர். நான் செயலாளர். எழுதத் தெரிந்தவன் என்று பெயர்தான், எழுதியதெல்லாம் தலைவர் சொன்னது.

திடீரென்று தலைவருக்குப் பழங்குடி மக்கள்மேல் பாசம் பொங்கியது. உட்லண்ட்ஸ் கரையில் நின்றால் எதிரே ஜொகூர் தெரியும். அங்கே ஓராங் செலேத்தார் என்ற கடல் பழங்குடியினர் இருக்கிறார்கள். நம் பக்கத்துக் கரையும் ஒரு காலத்தில் அவர்கள் புழங்கியதுதான். கடலைத் தூர்த்ததில் அருகில் கிடைத்த நண்டும் மீனும் போய்விட்டன, தொலைவுக்குப் போகப் படகுக்கு நல்ல எஞ்சின் ஒன்று இருந்தால் பிழைத்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டு, வாங்கிவிட்டோம். அங்கே கொண்டுபோய்க் கொடுத்தால் யார் பார்ப்பது? அவர்களுடைய ஊர்த்தலைவரை எங்கள் சங்கம் இருக்கும் தேக்காவுக்கே வரவழைத்து, மண்டபம் பிடித்து, மேடையில் வைத்துக் கொடுப்பதென்று ஏகமனதாக முடிவானது. அதாவது, தலைவர் முடிவு செய்தார், நாங்கள் கைதட்டினோம்.

வந்திறங்கியது ஒருவரல்ல, ஒன்பது பேர். மேடையில் இருந்ததோ ஒரு சோபா, ஒரு பொன்னாடை.

"தலைவர்னா ஒருத்தர்தானே லா? இவங்கல்லாம் யாரு?" என்று எங்கள் தலைவர் என்னிடம் சீறினார்.

எனக்கு மலாய் வரும். விசாரித்தேன். எஞ்சினை வாங்கலாமா வேண்டாமா என்று எல்லோரும் சேர்ந்துதான் சொல்ல வேண்டும், அதனால் வந்தோம் என்றார் ஊர்த்தலைவர். எங்கள் சங்க வரலாற்றில் இப்படி ஓர் அநியாயம் நடந்ததே இல்லை.

படத்துக்கு எல்லோரையும் வரிசையாக நிற்கச் சொல்லும்படி அவரிடம் கேட்டோம். தான் சொல்லலாம், நிற்பது அவரவர் விருப்பம் என்றார். இரண்டு பேர் நின்றார்கள். மற்றவர்கள் வடை சாப்பிடப் போனார்கள். நாங்கள் போர்த்திய பொன்னாடையை ஊர்த்தலைவர் கழற்றி, குளிர்சாதனக் காற்றில் நடுங்கிக்கொண்டிருந்த, அவர்களோடு வந்த ஒரு வயதான அம்மாவுக்குப் போர்த்திவிட்டார். எங்கள் தலைவர் தமக்கு வந்த பொன்னாடைகளைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருப்பவர்.

கடைசியாக ரசீது. "இக்கிராமத்தின் தலைவரும் உரிமையாளருமான நான், என் மக்கள் சார்பில் பெற்றுக்கொண்டேன்." நான் எழுதியது. மலாயில் வாசித்துக் காட்டினேன். அவர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார்.

இவருக்கு முன்பிருந்த ஊர்த்தலைவருக்கு யாரோ கம்பெனிக்காரர்கள் அரிசி மூட்டை கொடுத்து, இதேபோல் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்களாம். பிறகு அந்தத் தாளைக் காட்டியே சதுப்புநிலக் காட்டுக்கு வேலி போட்டுவிட்டார்கள். அவர்களுடைய இடுகாடு வேலிக்குள் மாட்டிக்கொண்டது.

"காடும் கரையும் எனக்குச் சொந்தமில்லை. எனக்குச் சொந்தமில்லாததற்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது?" என்றார். அந்த வரியை எடுத்துவிட்டு, ஒன்பது பேரும் பெற்றுக்கொண்டதாக எழுதினால், ஒன்பது பேரும் போடுகிறோம் என்றும் சொன்னார்.

நான் மொழிபெயர்த்தேன்.

"ஓனர் கையெழுத்து இல்லாம பொருள் வெளிய போகாது. ரூல்ஸ்னா ரூல்ஸ்தான்" என்றார் எங்கள் தலைவர்.

அப்படி ஒரு விதியே கிடையாது. அந்த வரியை எழுதச் சொன்னவரும் யாருமில்லை. கம்பீரமாக இருக்கட்டும் என்று நானே சேர்த்தது. அதன்மேல் ஒரு கோடு கிழித்து மாற்றி எழுதினால் எஞ்சின் அவர்களுடையது. அவர்கள் தங்களுக்குள் கொஞ்ச நேரம் பேசினார்கள். அந்த அம்மாதான் அதிகம் பேசினார். ஊர்த்தலைவர் என்னைப் பார்த்தபடி காத்திருந்தார். சங்கத் தேர்தலுக்கு ஒரு மாதம் இருந்தது. நான் பேனாவை எடுத்து மூடி, சட்டைப்பையில் செருகிக்கொண்டேன்.

பொன்னாடையை மடித்துச் சோபாவில் வைத்துவிட்டு, நன்றி சொல்லிப் போய்விட்டார்கள். எஞ்சின் கடைக்குத் திரும்பிப் போனது. அடுத்த மாதம் நான் போட்டியின்றித் துணைத் தலைவர் ஆனேன்.