சந்தனம் பூசிய கார்டு

ஜெர்மனிக்குக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டில் சண்டை. கையில் கார்டு கொண்டுபோவதா, போனிலேயே பணம் கட்டிக்கொள்வதா என்பதுதான் விஷயம். என் வீட்டுக்காரர் போன் கட்சி. அவருடைய ஊர் மூலனூர். அங்கே சந்தையில் முருங்கைக்காய்க் கட்டுக்கே ஸ்கேன் பண்ணித்தான் காசு வாங்குகிறார்கள், ஜெர்மனிக்காரன் என்ன அதைவிடக் கீழா என்று கேட்டார். நான் கார்டு கட்சி. போன் எந்த நேரத்தில் கழுத்தறுக்கும் என்று சொல்ல முடியாது. கார்டு பாவம், பர்ஸுக்குள் வாயை மூடிக்கொண்டு கிடக்கும்.

போகிற காரியமோ விளையாட்டில்லை. திருப்பூரில் நாங்கள் நடத்துவது சின்ன பனியன் கம்பெனி. குழந்தைகளுக்கான டி-சர்ட் தைத்து ஒரே ஒரு ஜெர்மன் அம்மாவுக்கு அனுப்புகிறோம். போன சீசனில் அனுப்பிய வெள்ளை டி-சர்ட்டில் இருந்த சிவப்புப் பிரிண்ட், முதல் சலவையிலேயே சாயம் போய்விட்டது. அந்தம்மா போட்டோ மட்டும் அனுப்பினார், ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அடுத்த ஆர்டர் வராவிட்டால் மெஷின்களை மூடி வைக்க வேண்டியதுதான், டெய்லர்கள் பக்கத்துத் தெருக் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். அதனால் நேரில் போய் மன்னிப்புக் கேட்டு, நல்ல சாப்பாடு ஒன்று வாங்கிக் கொடுத்து, ஆர்டரைக் காப்பாற்றிக்கொண்டு வருவதாகத் திட்டம்.

எங்கள் பக்கம் எது புதிதாக வந்தாலும் சந்தனமும் குங்குமமும் வைக்காமல் தொடமாட்டோம். ஓவர்லாக் மெஷின், கத்தரிக்கோல், ஜெனரேட்டர் என்று ஆரம்பித்து, கக்கூஸுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் வரைக்கும் பொட்டு வைத்தாயிற்று. வெளிநாட்டுக்கென்று வாங்கிய புதுக் கார்டு மட்டும் என்ன பாவம் செய்தது? முருகன் கோயிலுக்குக் கொண்டுபோனேன். பூசாரி தாராள மனசுக்காரர். கார்டின் முகத்தில் தங்க நிறத்தில் ஒரு சின்னச் சதுரம் இருக்குமே, அது பொட்டுக்கென்றே விட்ட இடம் என்று நினைத்தாரோ என்னவோ, அதன்மேல் சந்தனத்தை அப்பி நடுவில் குங்குமம் வைத்துக் கொடுத்தார். சாமி பொட்டை யாராவது அழிப்பார்களா? காயவைத்து அப்படியே பர்ஸில் வைத்தேன்.

வீட்டுக்காரர் தன் பங்குக்கு ஒரு வேலை செய்திருந்தார். கம்பெனியின் ஓ.டி.பி. எல்லாம் அவர் நம்பருக்குத்தான் வரும். நாங்கள் இல்லாதபோது ஆட்களுக்குச் சம்பளம் போடுவது நிற்கக்கூடாதென்று, அந்த சிம்மைக் கழற்றி அக்கவுண்ட்ஸ் பார்க்கும் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, வேறு சிம்மோடு வந்திருந்தார். கார்டைத் தட்டினாலே பணம் போகும் வசதி இருக்கிறதே, அதையும் திருடன் தட்டிவிடுவான் என்று அவரே நிறுத்தி வைத்திருந்தார். அறிவாளி!

ஜெர்மனியில் ஒரு ஹோட்டலில் அந்தம்மாவோடு மதியச் சாப்பாடு நன்றாகவே போனது. அந்தம்மா மீன் சாப்பிட்டார், நாங்கள் உருளைக்கிழங்கைக் கிளறிக்கொண்டிருந்தோம். ஆர்டரைப் பற்றி மட்டும் அவர் வாயே திறக்கவில்லை. பில் வந்தது.

வீட்டுக்காரர் மூலனூர்ச் சந்தையில் நிற்கிற தோரணையில் போனை நீட்டினார். சிம் மாறியிருக்கிறது, பழைய நம்பருக்கு வந்த எண்ணைச் சொல் என்றது போன். உடனே கம்பெனியில் இருக்கும் அக்கவுண்ட்ஸ் பெண்ணைப் போனில் கூப்பிட்டார். அங்கே சாயங்கால டீ நேரம்.

"ஏனுங்கண்ணா, நல்லபடியா போய்ச் சேந்தீங்களாங்க? அக்கா நல்லா இருக்கறாங்களா? அங்க குளுரு சாஸ்திங்களா?"

"கண்ணு, நம்பரச் சொல்லு கண்ணு."

எங்கள் ஊர் மரியாதை முடிவதற்குள் அந்த எண்ணின் ஆயுள் முடிந்துவிட்டது. அடுத்த தடவை ஒவ்வொரு எண்ணுக்கும் மரியாதை கொடுத்து, நாலுங்க, ஏழுங்க, அப்புறம் பாத்தீங்கன்னா சைபருங்க என்று சொல்லி முடித்தாள். அதுவும் போயிற்று. அதற்கடுத்து இவர் அவசரத்தில் தப்பாக அடிக்க, போன் கதவைச் சாத்திக்கொண்டது.

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. மகாராணி மாதிரி பர்ஸைத் திறந்து கார்டை நீட்டினேன். வெயிட்டர் மெஷினில் செருகினார். அது முடியாதென்று கத்தியது. திருப்பிச் செருகினார், திரும்பவும் கத்தியது. அவர் கார்டில் இருந்த பொட்டையும் என் நெற்றியில் இருந்த பொட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

அந்தம்மா தன் கைப்பையைத் தொட்டார். வீட்டுக்காரர் பதறி எழுந்துவிட்டார். விருந்துக்குக் கூப்பிட்டவர்கள் உட்கார்ந்திருக்க, வந்தவர் பர்ஸைத் தொட்டால் எங்கள் பக்கம் அது குடும்ப மானம் போகிற விஷயம். சாயமும் ஒழுங்காகப் போடத் தெரியாது, சாப்பிட்டதற்குக் காசும் கட்டத் தெரியாது, இதுகளை நம்பி எவள் ஆர்டர் கொடுப்பாள்?

அந்தம்மா கைப்பையை விட்டுவிட்டு என் கார்டை வாங்கினார். மேசையில் இருந்த வெள்ளைத் துணியின் நுனியைத் தண்ணீரில் நனைத்து, அந்தச் சதுரத்தை அழுத்தித் தேய்த்தார். சந்தனம் உதிர்ந்தது. குங்குமம் வெள்ளைத் துணி முழுக்கப் பரவியது. அவர் துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"உங்கள் சிவப்பு இன்னும் சாயம் போகிறது" என்றார்.

வீட்டுக்காரர் தொப்பென்று உட்கார்ந்தார். அந்தம்மாவுக்குச் சிரிப்பு பொங்கி வந்து, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சிரிப்பதாக நினைத்துக்கொண்டு அழுதேன். மெஷின் இந்தத் தடவை கார்டை ஏற்றுக்கொண்டது.

ஊருக்கு வந்த பிறகு ஆர்டர் வந்தது. நீலம், பச்சை, மஞ்சள், சாம்பல். சிவப்பில் ஒரு நூல்கூட இல்லை. வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு, கட்டிங் டேபிள் மேல் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக்கொண்டார். டெய்லர்கள் யாரும் எங்கேயும் போகவில்லை.

இந்த வருஷமும் போகிறோம். சிம் அவருடைய போனுக்குள்ளேயே இருக்கிறது. கார்டை மட்டும் நான் கோயிலுக்குக் கொண்டுபோனேன். பூசாரி போன தடவை சந்தனத்தை அப்பிய அதே தாராளத்தோடு விரலைக் குங்குமத்தில் வைத்தார்.

"சாமி, பின்பக்கமா வையுங்க" என்றேன். "திருநீறு மட்டும் போதுங்க. சிவப்பு வேண்டாங்க."