அழகுமலை கடைசிப் பக்கத்திலிருந்து பார்ப்பார்

பைனான்ஸ் கம்பெனி ஒன்றில் பணத்தைப் போட்டு, அது பூட்டிக்கொண்டு போனதில் மொத்தமும் பறிகொடுத்தவன் நான். ஏழு வருஷம் ஆகிறது. பணத்தை எங்கே போடக் கூடாது என்று என்னைவிட நன்றாக யார் சொல்ல முடியும்? ஆனால் ஒரு மனுஷன் என்னிடம் வந்து கேட்டதில்லை. அழகுமலையும் கேட்பதில்லை. செவ்வாய்க்கிழமை தவறாமல் மூன்று மணிக்கு என் கடைக்குள் வருகிறார். என்னைத் தாண்டிப் போய் ஜன்னலோரக் கம்ப்யூட்டரைக் கைகாட்டி, "அதுட்ட கேளுங்கண்ணே" என்கிறார்.

விளாங்குடியில் திண்டுக்கல் ரோட்டுமேல் இருக்கிறது என் கடை. எஸ்.டி.டி. பூத்தாக இருந்தது, இரண்டு வருஷமாக பிரவுசிங் சென்டர். மூன்று கம்ப்யூட்டர், அரை மணிக்குப் பத்து ரூபாய்.

அழகுமலைக்கு நாற்பது வயது இருக்கும். காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறார். குளித்துவிட்டு, சலவைச் சட்டை போட்டுத்தான் வருவார். ஆனாலும் பிடரியில் கொத்தமல்லி வாசம் போயிருக்காது. மவுஸைத் தொட மாட்டார். காதில் செருகிய பென்சிலை எடுத்துத் திரையில் இடம் காட்டுவார், நான் அமுக்க வேண்டும். சாக்குமேல் போட்டிருக்கும் மார்க்கைப் பார்த்துப் பார்த்து இங்கிலீஷ் எழுத்து அத்தனையும் பழகிவிட்டார். அர்த்தம் தெரியாது, அச்சு மாறாமல் எழுதிக்கொள்வார். ஏழாம் வகுப்போடு நின்ற எனக்கும் அதற்குமேல் பெரிதாகத் தெரியாது.

தேடுவது ஒரே விஷயம். மகள் தமிழ்வாணி ஆறாவது படிக்கிறாள். அவள் காலேஜ் போகும்போது கையில் பணம் இருக்க வேண்டும், அதற்கு எதில் சேர்த்துவைப்பது? "பிள்ளையவே கூட்டிட்டு வாங்களேன், படிச்சுச் சொல்லும்ல?" என்று கேட்டேன்.

"வேணாம்ணே. அப்பன் இம்புட்டுத்தான் சேத்திருக்கான்னு தெரிஞ்சா, அம்புட்டுக்குள்ள எது முடியுமோ அதைத்தான் படிப்பா."

ஆரம்பத்தில் எல்லாரையும் போல, தேடினால் வரும் முதல் பக்கத்தைத்தான் பார்த்தார். காலேஜுக்குச் சேமிக்கும் திட்டம் என்று நான் இங்கிலீஷில் அடித்ததும், எங்கே பார்த்தாலும் 529 என்று ஒரு நம்பர் வந்தது. பக்கத்துக்குப் பக்கம் கறுப்புத் தொப்பி போட்ட பிள்ளைகள் சிரித்தார்கள். இத்தனை பேர் சொல்கிறார்கள் என்றால் சர்க்கார் திட்டமாகத்தான் இருக்கும் என்று நம்பி, மூன்று வாரம் நோட்டில் எழுதினார். பிறகு ஒருநாள் லோடைப் பாதியில் விட்டுவிட்டுத் தபாலாபீஸ் போய், "அஞ்சு நூத்து இருபத்தொம்பதுல ஒரு கணக்கு போடணும்" என்று வரிசையில் நின்றிருக்கிறார். கவுண்டரில் இருந்தவர் சிரித்த சிரிப்பில் பின்னால் நின்றவர்களும் சிரித்துவிட்டார்கள்.

பெங்களூரில் இருக்கும் மகனுக்கு மெயில் அனுப்ப என் கடைக்கு வருகிறவர், பேங்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஜனகராஜ் சார். அவர்தான் நோட்டை வாங்கிப் பார்த்துச் சொன்னார்: "இது அமெரிக்காவுல உள்ள திட்டம்ப்பா. டாலர்ல கட்டணும்."

அழகுமலைக்குக் கோபம் வந்துவிட்டது. "அமெரிக்காக்காரன் விளாங்குடிக்கு வந்து எதுக்கு சார் கூவுறான்?"

அன்றிலிருந்து முதல் பக்கத்தை ஏறிட்டும் பார்ப்பதில்லை. "மார்க்கெட்ல வாசல்ல நின்னு கூவுறவன் கூடையில மேலதான் நல்ல தக்காளி இருக்கும். கவுத்துப் பாத்தாத்தான் அடி தெரியும். பின்னால போங்கண்ணே" என்பார். பத்து, பன்னிரண்டு, பதினான்கு என்று நான் கடைசிக்குப் போய், அங்கிருந்து முன்னால் வர வேண்டும். ஒவ்வொரு பக்கத்தையும் அடியில் உள்ள பொடி எழுத்திலிருந்துதான் எழுதுவார். என் நெட் இருக்கும் வேகத்துக்கு ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம்.

இதற்கு நடுவில் அவர் மனைவி தங்கப்பொண்ணுவின் தம்பி ராஜபாண்டி ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஏஜெண்ட் ஆனான். பிள்ளைகள் படிப்புக்கு என்று ஒரு திட்டம் கொண்டுவந்தான். பத்து வருஷம் மாசாமாசம் கட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கையெழுத்து.

"நடுவுல ரெண்டு மூணு மாசம் கட்ட முடியலைன்னா என்ன ஆகும் மாப்ள?" என்று அழகுமலை கேட்டிருக்கிறார்.

"அதெல்லாம் கட்டிருவீங்க மச்சான்."

இது பதில் இல்லை என்று மனைவியிடம் சொல்லப்போக, "என் தம்பி நம்ம பிள்ளைக்குக் கெடுதல் செய்வானா?" என்றாளாம். அதோடு பேச்சு நின்றுவிட்டது. சோறு வருகிறது, பேச்சு வரவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை திட்டத்தின் பேரை அடிக்கச் சொல்லி, வழக்கம்போல் கடைசிக்கு ஓட்டினார். பதினான்காம் பக்கத்தில் படம் இல்லாமல் வெறும் எழுத்தாக ஒன்று கிடந்தது. ஜனகராஜ் சாரைக் கூப்பிட்டோம். யாரோ ஒரு வடக்கத்திக்காரர் எழுதியிருந்தார். அதே திட்டத்தில் இரண்டு வருஷம் கட்டியிருக்கிறார். வேலை போய்விட்டது, நிறுத்திவிட்டார். கட்டியதில் பாதிகூடத் திரும்பி வரவில்லை.

"இன்னொருக்க வாசிங்க சார்" என்றார் அழகுமலை. சார் வாசித்தார். அழகுமலை பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"ஐப்பசில மழை பிடிச்சா மாசம் பூரா லோடு வராது சார். நான் எங்கிட்டுப் போயி கட்ட?"

"தபாலாபீஸ்ல சாதா சேமிப்புப் புஸ்தகம் ஒண்ணு போடு. இருக்கிறப்ப போடலாம், இல்லாதப்ப யாரும் கேக்க மாட்டாங்க. வட்டி கம்மிதான்."

"போட்டது போகாதுல்ல?"

"போகாது."

"அது போதும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "அப்புறம் என்ன? ஞாயித்துக்கிழமை வந்தா வேணாம்னு சொல்லிருங்க" என்றேன்.

"சொல்லிரலாம்ணே. தமிழ்வாணிக்குக் காதுகுத்துனப்போ கடன் வாங்கித் தோடு போட்டவன் அவன். அவன் மூஞ்சியப் பாத்து உன் சரக்கு சொத்தைன்னு எப்படிச் சொல்ல?" என்று சொல்லி, அரை மணிக்குக் காசு வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் திடீரென்று வந்து நின்றார். மார்க்கெட்டிலிருந்து நேரே வந்திருந்தார், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அந்தப் பதினான்காம் பக்கத்தைப் பிரிண்ட் எடுக்க வேண்டுமாம்.

"கலர்ல எடுங்கண்ணே."

"அதுல இருக்கிறது எல்லாமே கறுப்பு எழுத்து. கலர்ல போட்டாலும் கறுப்பாத்தான் வரும். பத்து ரூபா தண்டம்" என்றேன்.

"பரவால்ல. கலர் மிசின்லயே போடுங்க."

போட்டேன். சூடாக வந்த தாளை வாங்கித் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். படி இறங்கியவர் திரும்பி ஏறி வந்து என் மேஜைப் பக்கம் குனிந்தார்.

"நாளைக்கு மாப்ளய இங்கயே கூட்டிட்டு வாரேன். நான் வாயே திறக்க மாட்டேன். வேணாம்னது உங்க மச்சான் இல்ல, இந்தக் கம்ப்யூட்டர்தான்னு நீங்க அவன்ட்டச் சொல்லணும்ணே."