மஞ்சள் விளக்கு எரிந்ததும் சாவி கேட்ட கொழுந்தனார்

இன்று காலை நகரியில் காரைக் கிளப்பியதும்...

ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு!

ஏபிஎஸ் என்று எழுதியிருக்கிறதாம். (எனக்கு அது ஒரு படம்தான்!)

திருப்பதியில் கல்யாணம். ஓட்டுவது மருமகள் பானு. பின்சீட்டில் என் கொழுந்தனார், பழைய லாரி டிரைவர்.

"பிரேக் பூட்ச்சி! பொம்பள ஓட்டினா இப்படித்தான். சாவியக் குடும்மா, இனிமே வண்டி எங்கிட்டயே இருக்கட்டும்" என்றார்.

பெங்களூரில் இருக்கும் என் மகனுக்கும் போன் போட்டார். அவனும், "சித்தப்பா கைல குடுத்துடு பானு" என்கிறான்!

பானுவின் முகம் சுருங்கிவிட்டது. அவள் சம்பளத்தில் வாங்கிய வண்டி!

"செவப்பு வெளக்கு எரியல மாமா. மஞ்சள் மட்டும்னா சாதாரண பிரேக் இருக்குது, ஏபிஎஸ்தான் வேலை செய்யல. மெதுவா புத்தூர் மெக்கானிக்கிட்ட போலாம். செவப்பும் எரிஞ்சாதான் ஓரங்கட்டணும்" என்றாள்.

"அதெல்லாம் இல்லாம நாங்க லாரி ஓட்டல?"

ஓட்டினார்! எனக்கு மறக்குமா? மழையில், கைக்குழந்தையோடு நான் உட்கார்ந்திருக்க, பிரேக்கை ஒரே மிதி. சக்கரங்கள் சுற்றாமல் இறுகிக்கொண்டன. ஸ்டியரிங்கை ஒடித்தும் லாரி நேராகக் கரும்புத் தோட்டத்துக்குள் போனது. (இன்றுவரை ஒரு வார்த்தை வருத்தம் சொன்னதில்லை.)

அதை அவர் எதிரிலேயே சொல்லிக் காட்டினேன். பானு பிடித்துக்கொண்டாள்: "அதுக்குத்தான் அத்தை ஏபிஎஸ். சக்கரம் இறுகப் போனா, பிரேக்க உட்டு உட்டுப் புடிக்கும். சக்கரம் சுத்திக்கினே இருந்தாதான் திருப்பின பக்கம் வண்டி போவும்."

நான் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினேன். "நீ எடு பானு!"

புத்தூரில் சக்கரத்தைக் கழற்றினார்கள். அது சுற்றும் வேகத்தைப் பார்க்க உள்ளே ஒரு சென்சார் உண்டு. அதன் ஒயரில் வாழைநார் சுற்றி, இணைப்பையே பிடுங்கியிருந்தது! சாமந்தியும் கூடவே!

சக்கரத்துக்கு யார் பூ கட்டியது என்று மெக்கானிக் தெலுங்கில் கேட்டார்.

கொழுந்தனார் வானத்தைப் பார்த்தார். (வெள்ளிக்கிழமை வண்டி பூஜையில் கட்டியது அவரேதான்!)

ஒயரை மாட்டிச் சிறிது தூரம் ஓட்டியதும் விளக்கு அணைந்தது.

அப்புறம் ஈர ரோட்டில் குறுக்கே ஒரு எருமை! பானு பிரேக்கை அழுத்தினாள். அவள் காலடியில் தடதடவென்று சத்தம்.

"உட்டு உட்டு மிதிம்மா!" என்று பின்னால் கூச்சல்.

அவள் காலை எடுக்கவேயில்லை. எருமையைச் சுற்றித் திருப்பி நிறுத்தினாள்.

"பெடல் அதிர்ந்தா ஏபிஎஸ் வேலை செய்யுதுன்னு அர்த்தம் மாமா. அப்போ கால எடுக்கவே கூடாது."

மண்டபத்தில் இறங்கியதும் கொழுந்தனாரே மகனுக்குப் போன் போட்டார்.

"டேய், சாவி அவகிட்டயே இருக்கட்டும்டா. நல்லாத்தான் ஓட்டுது."

போனை வாங்கி நான் கேட்டேன்: "அவ சாவிய எடுத்துக் குடுக்க நீ யார்ரா?"

சிரிக்கிறான்!

சிரிக்கட்டும். இதுவும் எனக்கு மறக்காது!